கடவுளுக்கு எதற்கு ஆம்புலன்ஸ்?

மரடோனா செத்துப்போனார் என்ற செய்தியை உலகம் அவர் சாவதற்கு முன்பே சில தடவை கேட்டுவிட்டது. 2004 ஏப்ரலில் பியூனஸ் அயர்ஸ் மருத்துவமனை ஒன்றில் தீவிர சிகிச்சையில் கிடந்தார். வாசலில் ஜனம் கூடிவிட்டது. 2007இல் மறுபடி மருத்துவமனை, மறுபடி வதந்தி. 2018 உலகக் கோப்பையில் நைஜீரியாவுடன் அர்ஜென்டினா ஆடியதைப் பார்த்துவிட்டு உடம்பு முடியாமல் போன இரவில், ஆள் போய்விட்டார் என்று ஒரு குரல் பதிவு வாட்ஸ்அப்பில் சுற்றியது. அதைக் கிளப்பியவனைக் காட்டிக்கொடுத்தால் பணம் தருவதாக அவருடைய வக்கீல் அறிவிக்க வேண்டிவந்தது.

அதனால் 2020 நவம்பர் 25 மதியம் நிஜமாகவே செய்தி வந்தபோது, பல பத்திரிகை ஆபீஸ்களில் இரங்கல் கட்டுரை ஏற்கெனவே எழுதி வைக்கப்பட்டிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். தேதியையும் வயதையும் நிரப்பினால் போதும். வயது 60. பிறந்தநாள் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

நான் கால்பந்துப் பைத்தியம் இல்லை, ஆனால் மரடோனாவைப் பற்றி எது வந்தாலும் படிக்கிற கெட்ட பழக்கம் உண்டு. அவர் ஆடியதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. 1986 ஜூன் 22, மெக்சிகோ, இங்கிலாந்துக்கு எதிரான அந்த இரண்டு கோலைப் பற்றி எழுதாத மனிதர் இனி பிறந்துதான் வர வேண்டும். எனக்குச் சொல்ல வேண்டியிருப்பது அவர் செத்த அந்த வாரத்தைப் பற்றி. யார் அழுதார்கள், யார் அழ மறுத்தார்கள், எழுதியவர்கள் எதை எழுதினார்கள், எதைக் கேட்காமல் விட்டார்கள்.

மறுநாள் காலைப் பத்திரிகைகளில் கடவுள் இல்லாத முதல் பக்கத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பிரான்சின் லெகிப் பத்திரிகை கடவுள் இறந்துவிட்டார் என்றே தலைப்பு வைத்துவிட்டது. இங்கிலாந்துக்காரர்களுக்கு வேலை இன்னும் சுலபம்: ‘கடவுளின் கை’ என்று அவரே 34 வருடம் முன்னால் எடுத்துக் கொடுத்த சொல் கையில் இருந்தது. ஆளுக்கொரு விதமாக அதைத் திருப்பிப் போட்டார்கள். டெய்லி ஸ்டார் மட்டும், நமக்கு அவசரமாகத் தேவைப்பட்ட அன்று வீடியோ நடுவர் எங்கே போயிருந்தார் என்று கேட்டது. செத்த வீட்டில் பழைய கடனைக் கேட்பதுபோல. சிரிப்பு வந்தது, மறைக்கவில்லை. கையால் போட்ட அந்தக் கோலை வாங்கிய இங்கிலாந்து கோல்கீப்பர் பீட்டர் ஷில்டனும் எழுதினார்: பெரிய ஆட்டக்காரர்தான், விளையாட்டு வீரனுக்குரிய நேர்மை இல்லை, கடைசிவரை மன்னிப்பும் கேட்கவில்லை என்று. நிறையப் பேர் ஷில்டனைத் திட்டினார்கள். எனக்கு அது தப்பாகப் படவில்லை. ஒருவர் இறந்துவிட்டார் என்பதற்காக அவரால் அடிபட்டவன் பொய் அழுகை அழ வேண்டியதில்லை.

(இடையில் ட்விட்டரில் ஒரு கூட்டம் பாடகி மடோனாவுக்கு அஞ்சலி செலுத்திக்கொண்டிருந்தது. அதையும் வரலாறு பதிவு செய்யட்டும்.)

அர்ஜென்டினாவில் இந்தக் கடவுள் பேச்சு தலைப்புக்காக அன்றைக்கு வந்ததல்ல. ரொசாரியோ நகரத்தில் 1998இலேயே ரசிகர்கள் ‘மரடோனா தேவாலயம்’ என்று ஒன்றைத் தொடங்கி, அவர் பிறந்தநாளான அக்டோபர் 30ஐ கிறிஸ்துமஸாகக் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். பாதி கிண்டல், பாதி பக்தி. தெருவில் அவரைச் சாமி என்று கும்பிட்டவனுக்கு, அந்தச் சாமிக்கு மூக்கில் கொக்கெயின் ஏறியதும், பெற்ற பிள்ளையை ஒப்புக்கொள்ளாததும் நன்றாகவே தெரியும். தெரிந்தேதான் கும்பிட்டான். பத்திரிகைகள் அந்தப் பாதிக் கிண்டலை விட்டுவிட்டு பக்தியை மட்டும் எடுத்துக்கொண்டன. அதில் அவற்றுக்கு ஒரு சௌகரியமும் இருந்தது. கடவுள் என்று சொல்லிவிட்டால், எப்படிச் செத்தார் என்று கேட்க வேண்டியதில்லை. மூளையில் அறுவை சிகிச்சை முடிந்து மூன்று வாரம் ஆன ஒரு மனிதர், உலகத்திலேயே மிகப் பிரபலமான நோயாளிகளில் ஒருவர், ஒரு வாடகை வீட்டில் தனி அறையில் செத்துக் கிடந்தது எப்படி? அந்த வாரத்தின் பெரிய கேள்வி அதுவாக இருந்திருக்க வேண்டும்.

சரி, கடவுளைப் பார்க்க வந்தவர்களிடம் போவோம்.

அதிபர் அல்பெர்த்தோ ஃபெர்னாந்தெஸ் மூன்று நாள் தேசிய துக்கம் அறிவித்தார். உடல் அதிபர் மாளிகையான காசா ரொசாடாவில் வைக்கப்பட்டது. அர்ஜென்டினாவில் அப்போது கொரோனாவில் இறந்தவர்கள் 37,000க்கு மேல். மார்ச் 20 முதல் உலகத்தின் நீண்ட ஊரடங்குகளில் ஒன்றை அந்த நாடு பார்த்திருந்தது. அப்பா அம்மா சாவுக்குக்கூடப் போக முடியாமல் மாதக்கணக்கில் வீட்டில் உட்கார்ந்திருந்த ஜனங்கள் அவர்கள். அரசாங்கமே பத்து லட்சம் பேர்வரை வரலாம் என்று சொல்லிக்கொண்டு, அரசாங்கமே கதவைத் திறந்தது. எங்கள் வீட்டுப் பிணத்துக்கு நான்கு பேர் வரக்கூடாது, இவருக்கு மட்டும் ஊரே வரலாமா என்று கேட்டவர்கள் இருந்தார்கள். நியாயமான கேள்வி. ஆனால் வரிசையில் நின்ற பலரைப் பார்த்தபோது எனக்கு வேறொன்று தோன்றியது. அந்த எட்டு மாதத்தில் அழ முடியாமல் போன எல்லாச் சாவுக்கும் சேர்த்துத்தான் சிலர் அங்கே அழுதிருக்க வேண்டும்.

26ஆம் தேதி காலை ஆறு மணிக்குக் கதவு திறந்தது. சவப்பெட்டியின் மேல் தேசியக் கொடி, பத்தாம் எண் ஜெர்சிகள். மக்கள் நிற்க முடியாது. நடந்துகொண்டே பார்க்க வேண்டும், கையில் இருக்கும் பூவையோ சட்டையையோ தடுப்புக்கு அந்தப் பக்கம் எறிந்துவிட்டுப் போக வேண்டும். ஒருவன் நெஞ்சில் அடித்துக்கொண்டான், ஒருவன் முத்தத்தைக் காற்றில் எறிந்தான், ஒருவர் சிலுவைக்குறி போட்டார். போகா ஜூனியர்ஸ் சட்டை போட்டவனும் ரிவர் பிளேட் சட்டை போட்டவனும் கட்டிப்பிடித்து அழுத புகைப்படம் உலகம் பூராவும் போனது. அந்த இரண்டு அணிக்காரர்களும் ஒருவரை ஒருவர் எப்படிப் பார்ப்பார்கள் என்று தெரிந்தவர்களுக்கு அதன் அருமை புரியும். அதிபர் வந்து அர்ஜென்டினோஸ் ஜூனியர்ஸ் சட்டையை வைத்தார். மரடோனா 1976இல் முதன்முதலாக ஆடிய கிளப், அதிபரின் சொந்த அணியும் அதுதான். கூடவே மே சதுக்கத்து அன்னையரின் வெள்ளைத் தலைத்துணி. ராணுவ ஆட்சியில் காணாமல் போன பிள்ளைகளைத் தேடிய தாய்மார்கள் கட்டிக்கொண்ட துணி அது. ஒரு சவப்பெட்டி மேல் எத்தனை அரசியலை வைக்க முடியும் என்று ஒரு அர்ஜென்டினாக்காரரிடம்தான் கேட்க வேண்டும்.

குடும்பம் சாயங்காலம் நான்கு மணியோடு முடித்துக்கொள்ளச் சொல்லியிருந்தது. வரிசையோ கிலோமீட்டர் கணக்கில். மதியம் போலீஸ் வரிசையின் வாலை வெட்டியது. பல மணி நேரம் நின்றவனிடம் நீ பார்க்க முடியாது என்று சொன்னால் என்ன ஆகும்? கல் பறந்தது, ரப்பர் குண்டு பறந்தது, கண்ணீர்ப்புகை. ஒரு கூட்டம் மாளிகைக்குள்ளேயே புகுந்து முற்றத்துக்கு வந்துவிட்டது. பெட்டியைப் பத்திரமாக வேறு அறைக்கு நகர்த்த வேண்டியதாகிவிட்டது. ஏழு மணிவரை நீட்டிப்பதாகச் சொன்ன அஞ்சலி அதோடு நின்றது. அதிபரின் ஆட்கள் நகர போலீஸ்தான் காரணம் என்றார்கள், நகர நிர்வாகம் மாளிகைக்குள் ஏற்பாடு செய்தது நீங்கள்தானே என்றது. உடல் ஊர்வலமாக பெய்யா விஸ்தா கல்லறைக்குப் போனபோது நெடுஞ்சாலையின் இரண்டு பக்கமும் ஜனம், மேலே தொலைக்காட்சி ஹெலிகாப்டர்கள். குழிக்குப் பக்கத்தில் இருக்க அனுமதி கிடைத்தது இரண்டு டஜன் பேருக்கு. அப்பா அம்மா பக்கத்தில் புதைத்தார்கள்.

இத்தனைக்கும் நடுவில், பெட்டி காசா ரொசாடாவுக்கு வருவதற்கு முன்பே, ஈமச்சடங்கு நிறுவன ஆட்கள் திறந்த பெட்டியில் கிடந்த முகத்துக்குப் பக்கத்தில் கட்டைவிரலை உயர்த்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். படம் வெளியே வந்ததும் வேலை போனது, கொலை மிரட்டல் வந்தது. ஊரே அவர்களைக் காறித் துப்பியது. துப்பட்டும், அசிங்கமான காரியம்தான். ஆனால் முப்பது வருடமாக அந்த மனிதரின் ஆம்புலன்ஸ் கதவு திறக்கும்போதெல்லாம் கேமராவோடு பாய்ந்தவர்கள், அன்றைக்கு அந்த ஆட்களைப் பற்றி நீதி சொன்னதுதான் எனக்குச் சகிக்கவில்லை. 1994 பிப்ரவரியில் தன் வீட்டு வாசலில் முகாமிட்ட நிருபர்களை நோக்கி மரடோனா காற்றுத்துப்பாக்கியால் சுட்டார். அதற்கு நிறுத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனையும் வாங்கினார். செய்தது தப்புதான். ஆனால் அந்த வாசலில் அவர்கள் ஏன் நின்றார்கள் என்பதை அந்தச் செய்தி எழுதியவர்கள் அதிகம் எழுதவில்லை.

அவரும் லேசுப்பட்டவர் இல்லை, கேமராவோடு அவருக்கு ஒரு காதல் இருந்தது. 2005இல் அவரே ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி நடத்தினார். முதல் விருந்தாளி பெலே. ஒரு நாள் தன்னைத்தானே பேட்டி எடுத்தார். மரடோனா கேட்கிறார், மரடோனா பதில் சொல்கிறார். கல்லறையில் என்ன எழுத வேண்டும் என்ற கேள்விக்கு, பந்துக்கு நன்றி என்று எழுதுங்கள் என்றார். செத்த அன்று எல்லாத் தொலைக்காட்சியும் அந்தத் துண்டைத்தான் திரும்பத் திரும்ப ஓட்டின. தன் இரங்கல் செய்திக்கான காட்சியைப் பதினைந்து வருடம் முன்னாலேயே எடுத்துக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார் மனுஷன்.

நேப்பிள்ஸுக்கும் அப்போது ஊரடங்கு. யாரும் கேட்கவில்லை. ஸ்பானியக் குடியிருப்பின் சந்துக்குள் 1990இல் வரையப்பட்ட அவருடைய சுவரோவியத்துக்கு அடியில் மெழுகுவத்தியும் கழுத்துத்துண்டுகளும் குவிந்தன. மறுநாள் நாப்போலி அணி ஆட இறங்கியபோது பதினொரு பேர் முதுகிலும் எண் 10, மரடோனா பெயர். டிசம்பர் 4ஆம் தேதி நகர மன்றம் சான் பாவ்லோ மைதானத்தின் பெயரையே மாற்றிவிட்டது. ஒரு புனிதரின் பெயரை எடுத்துவிட்டு இவர் பெயர். வடக்கு இத்தாலிக்காரர்கள் அழுக்கர்கள் என்று திட்டிய ஊருக்கு 1987இலும் 1990இலும் லீக் கோப்பை வாங்கிக் கொடுத்தவர். அங்கே இதில் வியக்க ஒன்றுமில்லை. எனக்கு உறைத்தது வேறு. 1986இல் அதே ஊரில் பிறந்து, முப்பது வருடம் அப்பனின் வாயால் மகன் என்று சொல்லக் காத்திருந்த டியேகோ ஜூனியர், அப்பா செத்த அன்று கொரோனாவோடு நேப்பிள்ஸ் மருத்துவமனையில் கிடந்தார். அடக்கத்துக்குப் போக முடியவில்லை.

நம் பக்கத்து வீட்டையும் சொல்லாமல் விடக்கூடாது. கேரள விளையாட்டுத் துறை இரண்டு நாள் துக்கம் அறிவித்தது. 2012 அக்டோபரில் கண்ணூருக்கு ஒரு நகைக்கடைத் திறப்புக்காக வந்து, அங்கே மைதானத்தில் கூடிய ஜனத்துக்கு முன்னால் பந்தைக் காலில் தட்டி ஆடிக் காட்டிவிட்டுப் போனவர். அவர் தங்கிய ஓட்டல் அறையை அப்படியே காட்சியறையாக வைத்துவிட்டார்கள். கொல்கத்தாவுக்கு 2008இல் வந்தபோது ஜோதிபாசுவைப் போய்ப் பார்த்தார். தோளில் சே குவேரா, காலில் ஃபிடல் காஸ்ட்ரோ என்று பச்சை குத்திய ஆட்டக்காரரை மலையாளியும் வங்காளியும் கொண்டாடியதில் பந்து மட்டும் இல்லை. அவர் இறந்ததும் காஸ்ட்ரோ இறந்த அதே நவம்பர் 25. நான்கு வருட இடைவெளி.

அந்தத் தேதிக்கு இன்னொரு பக்கமும் உண்டு. பெண்கள் மீதான வன்முறை ஒழிப்பு நாள் அது. டொமினிக்கன் குடியரசில் மிராபால் சகோதரிகள் 1960இல் கொல்லப்பட்ட நாள். மூன்று நாள் கழித்து ஸ்பெயினின் கலீசியாவில் ஒரு பெண்கள் கால்பந்து ஆட்டத்துக்கு முன்னால் மரடோனாவுக்காக ஒரு நிமிட மௌனம். எல்லோரும் வரிசையாக நிற்க, பவுலா தாபெனா என்ற வீராங்கனை மட்டும் திரும்பி, முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்தார். அடிபட்ட பெண்களுக்காக ஒரு நிமிடம் நிற்காத நாம், இவருக்காக நிற்க வேண்டுமா என்பது அவர் கேள்வி. 2014இல் மரடோனா தன் காதலியைத் தாக்குவதுபோல் ஒரு வீடியோ வெளியாகியிருந்தது. அடிக்கவில்லை என்று அவர் மறுத்தார். தாபெனாவுக்குக் கொலை மிரட்டல் குவிந்தது. ஒரே ஒரு பெண் உட்கார்ந்ததில் அந்தக் கடவுளுக்கு என்ன குறைந்துவிட்டது? அன்றைய அஞ்சலிகளில் யாரையும் ஏமாற்றாத அஞ்சலி அதுதான் என்பேன். அர்ஜென்டினாவிலேயே கருக்கலைப்பு உரிமைக்காகப் பச்சைத் துணி கட்டி ஊர்வலம் போன பெண்கள் இரண்டாகப் பிரிந்து பேசிக்கொண்டார்கள். அழுதவர்களும் பெண்ணியவாதிகள், அழாதவர்களும் பெண்ணியவாதிகள். மேதையா பாவியா என்று மைக்கை நீட்டிய நிருபருக்கு அந்தப் பேச்சு இரண்டு வரியில் அடங்கவில்லை.

ரக்பி ஆட்டத்தில் நடந்ததைக் கேளுங்கள். அதே 28ஆம் தேதி ஆஸ்திரேலியாவில் நியூசிலாந்து அணியும் அர்ஜென்டினா அணியும் மோதின. நியூசிலாந்து கேப்டன் சாம் கேன் மரடோனா பெயர் போட்ட கறுப்புச் சட்டையை நடுவில் கொண்டுவந்து வைத்தார். அர்ஜென்டினா வீரர்கள் கையில் கறுப்பு நாடா கட்டியிருந்தார்கள், அவ்வளவுதான். ஊரில் கொதித்துவிட்டார்கள். ரக்பி அங்கே பணக்காரப் பிள்ளைகள் ஆட்டம். மரடோனா வீயா ஃபியோரித்தோ சேரியில் வளர்ந்தவர். கோபம் வந்த யாரோ அணித்தலைவர் பப்லோ மத்தேராவின் பழைய ட்வீட்களைத் தோண்டினார்கள். வீட்டு வேலைக்காரப் பெண்களைப் பற்றியும், கறுப்பர்களைப் பற்றியும், பொலிவியர்களைப் பற்றியும் கேவலமான எழுத்து. தலைவர் பதவி போனது. செத்து ஒரு வாரம் ஆகவில்லை, அந்த நாட்டின் சாதிக்கணக்கை மேசைமேல் எடுத்துப் போட்டுவிட்டார் மரடோனா. மெஸ்ஸி செலுத்திய அஞ்சலியின் கதை எல்லோருக்கும் தெரியும்: கோல் போட்டு பார்சிலோனா சட்டையைக் கழற்றினார், உள்ளே நியூவெல்ஸ் ஓல்ட் பாய்ஸின் பழைய பத்தாம் எண் சட்டை, மஞ்சள் அட்டை, 600 யூரோ அபராதம். சட்டம் சட்டம்தான்.

நவம்பர் 25 என்றதும் இன்னொரு கால்பந்துக்காரர், ஜார்ஜ் பெஸ்ட், நினைவுக்கு வராமல் இருக்காது. 2005இல் அதே தேதியில் லண்டனில் இறந்தார், 59 வயது, குடி. சாவதற்கு ஐந்து நாள் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் அவர் படுக்கையில் கிடக்கும் படம் வந்தது: மஞ்சள் பூத்த தோல், உடம்பெல்லாம் குழாய். என்னைப்போல் சாகாதீர்கள் என்று அவரே சொல்லி வெளியிடச் செய்த படம். பார்க்கப் பயங்கரம். ஆனால் அந்தப் படத்தில் மனிதன் இருந்தான், நோய் இருந்தது, காரணம் இருந்தது. மரடோனாவுக்கு எல்லாப் படமும் 1986.

அவருடைய கடைசிப் பொதுத்தோற்றம் அந்த அறுபதாவது பிறந்தநாள்தான். தான் பயிற்சியாளராக இருந்த ஹிம்னாசியா அணியின் மைதானத்துக்கு வந்தார். நேரலையில் நாடே பார்த்தது: நடக்க முடியவில்லை, இரண்டு பக்கமும் தாங்கிப் பிடித்தார்கள், ஆட்டம் முடியும்வரைகூட இருக்கவில்லை. நவம்பர் 3இல் மூளையுறைக்கு அடியில் கட்டிய ரத்தத்தை எடுக்க அறுவை சிகிச்சை. 11ஆம் தேதி டிஸ்சார்ஜ். திக்ரே பகுதியில் ஒரு வாடகை வீடு. வீட்டிலேயே மருத்துவமனைபோல் கவனிப்போம் என்றார்கள். உடல் கிடந்த அறையில் மருத்துவக் கருவி என்று சொல்ல ஒன்றுமில்லை என்று பிறகு போலீஸ்காரர்கள் சாட்சி சொன்னார்கள். வாசலில் ஆம்புலன்ஸும் இல்லை. பிரேதப் பரிசோதனை இதயம் பழுதாகி நுரையீரலில் நீர் கோத்ததாகச் சொன்னது. அந்த இதயத்தின் எடை 503 கிராம்; சராசரி மனிதருக்கு இருப்பதைப்போல் கிட்டத்தட்ட இரண்டு பங்கு. 2021இல் இருபது பேர் கொண்ட மருத்துவ நிபுணர் குழு அறிக்கை கொடுத்தது: கவனிப்பு போதாது, பொறுப்பற்றது, குறைந்தது பன்னிரண்டு மணி நேரம் அவதிப்பட்டுச் செத்திருக்கிறார், ஒழுங்கான மருத்துவமனையில் இருந்திருந்தால் பிழைக்க வாய்ப்பு அதிகம்.

பன்னிரண்டு மணி நேரம். அவர் பெயர் தெரியாதவரே இல்லாத நாட்டில்.

டாக்டர்கள், நர்ஸ்கள் என்று ஏழு பேர் மீது சான் இசித்ரோ நீதிமன்றத்தில் 2025 மார்ச் 11இல் விசாரணை தொடங்கியது. அவர்கள் குற்றத்தை மறுத்தார்கள். முதல் நாளே அரசு வக்கீல் ஒரு படத்தைத் தூக்கிக் காட்டினார்: படுக்கையில் இறந்து கிடக்கும் மரடோனா, வயிறு ஊதிப் பெருத்து. அதுவரை உலகம் பார்த்த எந்தப் படத்திலும் இல்லாத ஆள். நாற்பதுக்கும் மேற்பட்ட சாட்சிகள் வந்தார்கள், மகள்கள் அழுதார்கள். மே மாதம் ஒரு விஷயம் வெளியே வந்தது. மூன்று நீதிபதிகளில் ஒருவரான ஹுலியேத்தா மக்கின்தாச், இந்த வழக்கை வைத்து எடுக்கப்பட்ட ஒரு ஆவணப்படத் தொடரில் நடித்துக்கொண்டிருந்தார். நீதிமன்ற நடைபாதையில் அவர் நடந்துவரும் காட்சியைக் கேமரா பின்தொடர்ந்து எடுத்திருந்தது. அதன் முன்னோட்டத்தை நீதிமன்றத்திலேயே போட்டுக் காட்டினார்கள். தொடரின் தலைப்பு ‘தெய்வீக நீதி’.

மே 29ஆம் தேதி மொத்த விசாரணையும் செல்லாது என்று ரத்தானது. நவம்பரில் அந்த நீதிபதியின் பதவியும் போனது. சாட்சி சொன்ன அத்தனை பேரும் மறுபடி வந்து, அந்த வீட்டில் அந்த இரண்டு வாரம் என்ன நடந்தது என்று வேறு நீதிபதிகள் முன்னால் முதலிலிருந்து சொல்ல வேண்டியதாகிவிட்டது.